பாசஞ்சர் வண்டியில் வந்த கம்ப்யூட்டர் பாடம்

சித்திரை மாதம், காலை ஒன்பது மணி, பாலக்கரை பஸ் ஸ்டாப். விளக்குக் கம்பத்தின் நிழலுக்காக ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், நீல நிற ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவள் பேட்ரிசியா. திருச்சிக்காரர்கள் ஸ்வெட்டரைக் கண்டதெல்லாம் ஊட்டிக்குப் போய் வந்த புதுமணத் தம்பதிகளின் போட்டோவில்தான். ஆகவே அவளுக்கு ஏதோ உள்காய்ச்சல் என்று ஒரு கட்சியும், "கம்ப்யூட்டர்ல வேலைங்கிறத ஊருக்குக் காட்ட வேணாமா?" என்று இன்னொரு கட்சியும் ஒன்பது வருஷமாக அந்த ஸ்டாப்பில் இயங்கி வந்தன.

காட்டுவதற்கு அல்ல, நடுங்காமல் இருப்பதற்கு. அவள் வேலை பார்த்த கல்லூரியில் முதல்வர் அறையிலேயே மின்விசிறிதான். ஏ.சி. இருந்த ஒரே அறை கம்ப்யூட்டருடையது. அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சில பெற்றோர்கள் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்ததும் உண்டு. தூசி கூடாது என்பதற்காகச் சொன்ன விதி. நம் ஊரில் செருப்பைக் கழற்றச் சொன்னால் மிச்சத்தை ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள்.

பேட்ரிசியாவின் வேலை கார்டில் ஓட்டை போடுவது. புரோகிராம் எழுதுகிறவர்கள், கட்டம் கட்டமாக அச்சிட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதித் தருவார்கள். ஒரு வரிக்கு ஒரு கார்டு வீதம் பஞ்ச் மெஷினில் அவள் அடித்துத் தள்ளுவாள். கார்டுக்கட்டைக் கம்ப்யூட்டர் விழுங்கி, சரியாக இருந்தால் விடையையும், தப்பாக இருந்தால் தப்பையும் நீளத் தாளில் அச்சடித்துத் துப்பும். 1976-இல், டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு, தற்காலிக ஊழியராகச் சேர்ந்தாள். 1985-இலும் தற்காலிகம்தான். அந்தச் சொல்லுக்குக் கல்லூரி நிர்வாகம் வைத்திருந்த அகராதியே வேறு.

அவள் விரல் வேகத்துக்கு இணை கிடையாது. அதன் ரகசியம் எளியது: அவள் எதையும் படிப்பதில்லை. கண் பார்க்கும், விரல் அடிக்கும். நடுவில் மூளை என்று ஒரு ஸ்டேஷன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் எழுத்துகள் எக்ஸ்பிரஸ் வண்டியாகப் போய்விடும்.

ஆரம்பத்தில் படித்துக்கொண்டுதான் இருந்தாள். படித்ததால் வந்தது வினை. 1977-இல் ஒரு பேராசிரியர் நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்குக் கணக்குக் கொடுத்தார். 'மைனஸ் எட்டு அடி' என்று ஓரிடத்தில் இருந்தது. காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் எங்கேயாவது மைனஸில் இருக்குமா? பாவம், மனிதர் அவசரத்தில் எழுதிவிட்டார் என்று எல்லா மைனஸையும் அக்கறையோடு எடுத்துவிட்டாள். கணக்கில் மூன்று தாலுகா மூழ்கியது. பேராசிரியரின் ஆறு மாத உழைப்பு வீணாயிற்று. பேட்ரிசியாவிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினார்கள்: 'தாளில் உள்ளதில் ஓர் எழுத்தையும் சேர்க்கவோ நீக்கவோ மாட்டேன், பிறர் தாளில் எதுவும் எழுத மாட்டேன்.' அந்தக் காகிதம் அவளுடைய ஃபைலில் முதல் பக்கமாக இருந்தது. நிரந்தரம் கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதுதான் முதலில் புரளும்.

இப்படியிருக்க, 1985 ஏப்ரலில் லால்குடியிலிருந்து ஒரு கவர் வரத் தொடங்கியது.

அனுப்பியவள் வஹீதா டீச்சர். லால்குடி பெண்கள் பள்ளியில் கணக்கு எடுப்பவள், வீடு திருச்சியில். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பதினோரு பெண்களுக்கு, லீவு நாளில், சம்பளமில்லாமல், கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டிருந்தாள். கம்ப்யூட்டர் மட்டும்தான் இல்லை. பதினொருவரில் ஒருத்தியும் அதைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. கல்லூரியில் சான்றிதழ் வகுப்பு ஒன்று இருந்தது. 'அனைவரும் வருக' என்று நோட்டீஸ், மாலை ஆறரைக்கு வகுப்பு. லால்குடிப் பெண்கள் அனைவரில் சேர்த்தி இல்லை என்று நோட்டீஸ் சொல்லவில்லை. ரயில்வே அட்டவணை சொன்னது.

வஹீதா, கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் அருள்நாதனிடம் போய்க் கேட்டாள்: சனிக்கிழமை பகலில், ஒன்று கூடவே இருக்கட்டும், பன்னிரண்டு இடம் ஒதுக்கக் கூடாதா?

"தாராளமா ஒதுக்கலாம்," என்றார் அருள்நாதன். கெட்டவர் அல்ல. எதற்கும் முதலில் ஆமென் சொல்லிவிட்டு, பிறகு யோசிக்கிறவர். "ஆனா மெஷின் டைம் விலை ஜாஸ்தி பாருங்க. ஒண்ணு செய்வோம். புள்ளைங்க எழுதறத அனுப்புங்க. நாலு சனிக்கிழமை ஓட்டிப் பார்ப்போம். ஒரு புரோகிராமாவது ஓடினா இடம் தரேன். ஓடலேன்னா, அவங்கள தையல் கத்துக்கச் சொல்லுங்க."

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை வகுப்பில் பெண்கள் தாளில் எழுதுவார்கள். சாயங்கால பாசஞ்சரில் கொள்ளிடம், ஸ்ரீரங்கம், காவிரி எல்லாம் தாண்டி வஹீதா கொண்டுவந்து, ஆபீஸ் மூடியிருக்கும் என்பதால், கேட்டில் வாட்ச்மேன் பிச்சமுத்துவிடம் கொடுப்பாள். சனிக்கிழமை பேட்ரிசியா கார்டு அடிப்பாள். மெஷின் சொன்ன தீர்ப்பு அருள்நாதன் கைவழியாகப் போய் மறுபடி பிச்சமுத்துவிடம் வரும். ஞாயிறு காலை வஹீதா அதை வாங்கிக்கொண்டு லால்குடி வண்டி ஏறுவாள். மற்றவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிகிற தப்பு, இவர்களுக்கு இரண்டு ஆறு தாண்டி வந்து சேரும்.

முதல் சனிக்கிழமை பதினோரு கட்டும் போயின. பதினொன்றும் படுத்தன. மெஷின் முதல் கார்டிலேயே குறை கண்டு, 'இதற்கு மேல் ஓடமாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் சனிக்கிழமையும் அதே கதை. குறைகள் மட்டும் கூடியிருந்தன.

"பத்துல ஒண்ணு தப்புன்னா புரியுது," என்றார் அருள்நாதன், தாள்களைப் புரட்டியபடி. "பதினொண்ணும் ஒரே மாதிரி மொதல் வரியிலேயே எப்படி விழும்? பாடம் எடுக்கறவங்களுக்கே தெரியல போலிருக்கு."

பேட்ரிசியா என்ன சொல்வாள்? அவளுக்குத் தெரிந்தால்தானே? அவள்தான் படிப்பதில்லையே. ஆனால் கையெழுத்துகள் அவளுக்குத் தெரியும். ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற ஒருத்தி. பூஜ்யத்தைப் பொட்டு மாதிரி சிறிசாக வைக்கிற ஒருத்தி. பேனா முனையை அழுத்தி அழுத்தி, தாளின் மறுபக்கம் புடைத்துக்கொண்டு வர எழுதுகிற ஒருத்தி. அந்தத் தாளில் மட்டும் மூலையில் 'ஆ. வேலம்மாள்' என்று இருக்கும். அந்தப் புடைப்பை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் பேட்ரிசியாவுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாம் சனிக்கிழமை, வேலம்மாளின் தாளில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது, விரல் நின்றது. வேறு வேலையில்லாத கண், வேறு வழியில்லாமல், படித்தது.

தாளின் முதல் வரி, முதல் கட்டம். பிள்ளையார் சுழி.

பேட்ரிசியா அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் சுழி. அதற்கடுத்தது ஜஹானாரா என்ற பெண்ணுடையது. முதல் வரியில் 786. ரோசரி என்பவளின் தாளில் சிலுவை. பதினொருத்தியும் கடவுளைக் கட்டத்துக்குள் உட்காரவைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கியிருந்தார்கள். இவளுடைய விரல்கள் சுழியைப் பார்த்து 2 என்றும், சிலுவையைப் பார்த்துக் கூட்டல் குறி என்றும், 786-ஐ 786 என்றும் விசுவாசமாக அடித்துக் கொடுத்திருந்தன. 'இரண்டு! என்ன இரண்டு? சொல்லித் தொலை!' என்று மெஷினும் நின்றுவிட்டிருந்தது.

அதோடு நின்றதா? முதல் வாரம் ஒரு சுழி. புரோகிராம் படுத்ததும், தெய்வக்குற்றம் என்று பயந்து இரண்டாம் வாரம் இரண்டு சுழி. இந்த வாரம் மூன்று, வரிசையாக, மூன்று வரியில். ஜஹானாரா இரண்டு இடத்தில் 786 போட்டிருந்தாள். ரோசரி மேலே ஒரு சிலுவை, கீழே ஒரு சிலுவை என்று புரோகிராமையே கல்லறைத் தோட்டம் ஆக்கியிருந்தாள். பக்தி கூடக்கூடத் தப்பும் கூடியது. பேட்ரிசியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கரண்ட் வந்தது. அடித்து முடித்த கட்டுகள் மேஜையில் இருந்தன. கட்டுக்கு இரண்டு மூன்று கார்டுகளை உருவிக் குப்பைக்கூடையில் போட்டால் போதும். ஒருத்தருக்கும் தெரியாது. உருவிக்கூட விட்டாள். கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மூழ்கிப்போன மூன்று தாலுகா கண்ணில் வந்தது. ஃபைலின் முதல் பக்கம் வந்தது. ஜூன் மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அதோடு இன்னொன்று: லால்குடிப் பிள்ளையாரை எடுத்து எறிந்தவள் பாலக்கரை பேட்ரிசியா என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால்?

கார்டுகளை இருந்த இடத்திலேயே செருகினாள். பதினோரு கட்டும் படுத்தன.

"அடுத்த வாரம்தான் கடைசி. அந்த டீச்சருக்குச் சொல்லிடுங்க," என்று அருள்நாதன் பிச்சமுத்துவிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்று வீட்டில் அப்பா அற்புதசாமி இரண்டு முறை கேட்டார், "ஏன்மா, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கே?" என்று. தெரியாமல் செய்த இரண்டு வாரம் தப்பில் சேர்த்தி இல்லை. தெரிந்து செய்த இந்த வாரம்தான் சேர்த்தி.

மறுநாள் முதல் பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கல்லூரி கேட்டுக்குப் போனாள்.

"என்ன பேட்ரிசியாம்மா, ஞாயித்துக்கிழமையில? மெஷினுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார் பிச்சமுத்து.

"ஆளைப் பார்க்கணும்."

ஆள் வந்தாள். குடையும் தோள்பையுமாக, நடையிலேயே வண்டிக்கு நேரமாகிவிட்டது தெரிந்தது. பேட்ரிசியா தன்னை யாரென்று சொல்லி முடிப்பதற்குள், "நீங்கதானா அது!" என்று வஹீதா கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். உறுதிமொழி எழுத்தைப் பற்றியது. தாளில் தொடக் கூடாது, அவ்வளவுதான். வாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்பதைப் பேட்ரிசியா ராத்திரி படுக்கையில் கண்டுபிடித்திருந்தாள்.

காவிரிப் பாலத்தில் வண்டி தடதடத்தபோது விஷயத்தைச் சொன்னாள். வஹீதா பையைத் திறந்து, கேட்டில் வாங்கிவந்த தாள்களைப் பார்த்தாள். தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! போர்டுல நானே 786 போட்டுட்டுத்தாங்க பாடத்த ஆரம்பிக்கிறேன். மூக்குத்தி போட்டவளுக்கு மூக்குத்தி தெரியுமா? அச்சடிச்ச 2-ஐப் பார்த்தேன். மெஷின் ஏதோ தானா நம்பர் போடுதாக்கும்னு விட்டுட்டேனே."

"இப்ப எடுக்கச் சொல்லிடுங்க டீச்சர்."

"நானா? சுழிய எடுங்கன்னு நானா சொல்றது? ஊருல என்ன பேசுவாங்க? நீங்க சொல்லுங்க."

"நான் மட்டும் யாராம்? ரோசரியத் தவிர மத்தவங்ககிட்ட எனக்கு ஏது உரிமை?"

ஸ்ரீரங்கத்தில் வண்டி நின்றபோது இருவருமாக ராஜகோபுரம் எழும்பிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார்கள். அங்கிருந்தும் யாரும் பதில் சொல்லவில்லை.

லால்குடிப் பள்ளியில் பதினோரு பெண்களும் பெஞ்சில் காத்திருந்தார்கள். வாசலில் தலைத்துண்டோடு ஒருவர் குந்தியிருந்தார். வேலம்மாளின் அப்பா ஆண்டி. நடவு, அறுப்பு எது கூப்பிட்டாலும் போகிறவர். மகள் சனிக்கிழமை திருச்சி போக அவர் சம்மதித்திருந்தார், ஒரே நிபந்தனையில்: வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் திரும்ப வேண்டும். அதற்கும் இடம் கிடைக்காவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து அவளை அரிசி மில்லில் புடைக்கிற வேலைக்கு அனுப்புவதாகப் பேச்சு முடிந்திருந்தது.

அவர் பேட்ரிசியாவைப் பார்த்து எழுந்து நின்றார். "டீச்சரம்மா, இவுங்கதான் அந்தக் கம்ப்யூட்டருங்களா?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேட்ரிசியாவே சிரித்துவிட்டாள். அதுவே நல்லதாயிற்று. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஏழுக்கு நடுவுல கோடு போடறவ யாரு?"

ஜஹானாரா தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"பூஜ்யத்தப் பொட்டு மாதிரி வைக்கிறவ? கொஞ்சம் பெருசா வையேம்மா, கண்ணு போவுது எனக்கு. வேலம்மாள் யாரு?"

கடைசி பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்தாள்.

"ஏன் அவ்வளவு அழுத்தி எழுதறே?"

"அழுத்தினாத்தான் மெஷினுக்குத் தெரியும்னு நெனச்சேங்க."

பேட்ரிசியா சாக்பீஸை எடுத்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் போர்டு பக்கம் போனது அதுவே முதல் தடவை. முதல் கட்டத்தில் ஒரு சுழி வரைந்து, "மெஷினு இதைப் பார்த்துத்தான் முழிக்குது. அதுக்கு இது சாமின்னு தெரியாது" என்றாள்.

வேலம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"சுழி போடாம ஆரம்பிச்சா விளங்குமாக்கா?"

"ரொம்ப நல்லாக் கேட்டே போ," என்று வஹீதா முணுமுணுத்தாள். "மூணு வாரமாப் போட்டு விளங்கின லட்சணம்தான் தெரியுதே."

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ரோசரி சிலுவையை விரலால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், நல்ல பிள்ளைகள். எடுத்த பிறகு கை நடுங்கும். நடுங்குகிற கை கட்டம் தவறும். கையைப் பற்றிப் பேட்ரிசியாவுக்குத் தெரிந்த அளவு அந்தக் கல்லூரியில் யாருக்கும் தெரியாது.

அவளுக்குக் கம்ப்யூட்டர் மொழி தெரியாது. யாரும் சொல்லித்தந்ததில்லை, கேட்டதுமில்லை. ஆனால் விரல்கள் லட்சம் கார்டு அடித்திருந்தன. பேராசிரியர்கள் தங்கள் பெயரையும் பெருமையையும் புரோகிராமின் தலையில் எழுதும்போது வரிக்கு முன்னால் ஒன்று போடுவார்களே, அது என்ன? விரலே அதை எடுத்துக் கொடுத்தது. சுழியைக் கொஞ்சம் தள்ளி வரைந்து, முதல் கட்டத்தில் C என்று எழுதினாள்.

"டீச்சர், முன்னாடி சி போட்டா அந்த வரிய மெஷின் என்ன பண்ணும்?"

வஹீதாவின் முகம் மாறியது. "படிக்காது! அது குறிப்பு. மனுஷங்களுக்கு எழுதறது. மெஷின் தாண்டிப் போயிடும். இதக்கூட நான்..."

"அவ்வளவுதான்," என்றாள் பேட்ரிசியா பெண்களைப் பார்த்து. "யாரும் எதையும் எடுக்க வேணாம். சுழியோ, 786-ஓ, சிலுவையோ, போடுங்க. முன்னால ஒரு சி போட்டுட்டுப் போடுங்க. மெஷின் படிக்காது. சாமி படிச்சுக்கும்."

வாசலிலிருந்து ஆண்டி, "அதான் ஞாயம்," என்றார்.

நான்காம் சனிக்கிழமை பதினோரு கட்டில் ஏழு ஓடின. ரோசரி ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தாள். இன்னும் மூன்று பேரும் அதுபோல யோக்கியமான தப்பில் விழுந்திருந்தார்கள். மெஷின் முதல் முறையாக முதல் வரியைத் தாண்டிக் குறை சொன்னது. வேலம்மாளுடையது ஓடியது: ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டினால் 5050. பேட்ரிசியா அதைப் படித்தாள். இப்போதெல்லாம் படிக்க ஆரம்பித்திருந்தாள். வேகம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

அருள்நாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்ன இது, எல்லாத்துலயும் தலையில சி 2, சி 786, சி கூட்டல்?"

"குறிப்பு சார். மெஷினுக்குச் சம்பந்தமில்லாதது."

"நீங்க எதுவும் மாத்தலியே?"

"தாளோட வெச்சுப் பாருங்க சார். ஓர் எழுத்து மாறல."

அவர் பார்த்தார். தாளில் சுழி, கார்டில் 2. தாளில் சிலுவை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதற்கு முந்தைய ஞாயிறு ஸ்டேஷன் பக்கம் இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு ஓடிய சேதி பிச்சமுத்து மூலம் அவருக்கு வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். சனிக்கிழமை பகல் வகுப்பு, வெளியூர் மாணவியருக்குப் பன்னிரண்டு இடம். எழுதத் தொடங்குமுன் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். போட்ட பிறகுதான் போட்டதைக் கவனித்தார்.

ஜூன் நேர்காணலில் பேட்ரிசியாவின் ஃபைலின் முதல் பக்கம் வழக்கம்போலப் புரண்டது. நிரந்தரம் அந்த வருஷமும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது.

புது வகுப்பின் முதல் சனிக்கிழமை லால்குடி வண்டியில் பதினொருத்தியும் வந்து இறங்கினார்கள். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். ஒருத்தி வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பன்னிரண்டாவது இடத்துக்கு ஆள் இல்லையென்று வஹீதா பேட்ரிசியாவின் பெயரை எழுதிவிட்டிருந்தாள். அவளும் ஒரு நோட்டோடு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். அரை மணியில் அந்தக் குளிர் வேலையைக் காட்டியது. பருத்தித் தாவணியில் பெண்கள் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார்கள். வேலம்மாளின் பேனா கட்டத்தை விட்டு வழுக்கியது. பேட்ரிசியா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். கால் மணிக்கு ஒருத்தியாக அது பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று.

"அடுத்த வாரம் எல்லாரும் போர்வை கொண்டாந்துடுங்கடி," என்றாள் வஹீதா. "ஆஸ்பத்திரி மாதிரி இருந்தாலும் பரவாயில்ல."

சாயங்காலம் வெளிச்சத்திலேயே வண்டி புறப்பட்டது. அவசரத்தில் ஸ்வெட்டர் வேலம்மாளோடு லால்குடிக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பாலக்கரை ஸ்டாப்பில் வெறுங்கையோடு வந்து நின்ற பேட்ரிசியாவை இரண்டு கட்சிகளும் மேலும் கீழும் பார்த்தன. கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஓர் அம்மாள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"என்னம்மா, வேலை போயிடுச்சா?"